நாலடி உயரம்

தெருவை நீளவாக்கில் கிழக்கு, மேற்கு என்று பிரித்திருந்த மதிலை இடித்தபோது ஊரே துள்ளிக் குதித்தது. இடித்த பிறகல்லவா வம்பு! மேற்குப் பக்கத்தார் முப்பத்தெட்டு வருஷமாகப் பழைய தாரைச் சுரண்டாமல் மண்ணும் தாருமாகக் கொட்டியதில், ஒரே தெருவின் மேற்குப் பாதி நாலடி உயர்ந்து நின்றது. மேற்கே, "நாங்க எதுக்குத் தாழணும்?" கிழக்கே, "எங்க வாசலை மண்ணு போட்டு மூடவா?" பெரிய மானம் போங்கள்!

நடுவில் மாட்டிக்கொண்டவள் மேற்குப் பக்கத்து மூலை வீட்டு ஆர்க்கிடெக்ட். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. யார் தெருவையும் தொடாமல், தன் வீட்டோரமாக எட்டுப் படி வரைந்து சண்டையைத் தீர்த்தாள். அவளுக்கும் அவசரம்தான். மதில் எழும்பிய வாரம் கிழக்கே புகுந்த வீடு போன அக்காவை அதற்குப் பிறகு அவள் பார்க்கவே இல்லை. மதில் விழுந்தும், வேலை முடியும்வரை யாரும் கடக்கக் கூடாது என்று உத்தரவு. போனில் குரல் மட்டும்தான். "திறக்கிற அன்னைக்கு முதல் ஆளா நம்ம வீட்டுக்கு வந்துடுவேன்டி," என்றிருந்தாள் அக்கா.

சொன்னபடி வந்தாள், ஊன்றுகோலுடன். முதல் படியில் ஒரு காலை வைத்தாள். முட்டி ஒத்துழைக்கவில்லை. காலை இறக்கிக்கொண்டாள்.

மேலே நின்ற தங்கை ஊன்றுகோலையும் படிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். படம் வரைந்த நாளெல்லாம் அவள் மனசில் அந்தப் படிகளில் ஏறி வந்தது இருபத்து மூன்று வயது அக்கா. அக்காவுக்கும் வயசாகும் என்று இந்தப் படித்த முட்டாளுக்குத் தோன்றவே இல்லையே!

"நாலு பேர் சேர்ந்து நாற்காலியோட தூக்கிடலாம்," என்றார் தெருக் கமிட்டித் தலைவர்.

"போறப்ப என் காலாலதான் போனேன்," என்றாள் அக்கா. "வர்றப்ப மூட்டை மாதிரி வரணுமா? வேண்டாம்ப்பா."

தங்கை, படி கட்டிய மேஸ்திரியிடம் திரும்பினாள். "படியை உடைச்சிட்டுச் சரிவா இழுத்தா?"

மேஸ்திரி கண்ணாலேயே அளந்தார். "நாற்பத்தெட்டு அடி வேணும். தெருவைத் தொடக் கூடாதுன்னா உங்க முன்னறை போயிடும்மா."

அதுதான் அவள் ஆபீஸ்.

"போனா போகட்டும். நாளைக்கே கடப்பாரையைத் தூக்குங்க."

"எத்தனை நாளாகும்?" கீழேயிருந்து அக்கா கேட்டாள்.

"இருபது நாள்மா," என்றார் மேஸ்திரி.

"இவ்வளவு வருஷம் இருந்துட்டேன், இருபது நாள் பெருசா? அப்புறமா வர்றேன்டி." அக்கா ஊன்றுகோலைத் திருப்பி மெல்ல நடந்தாள்.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தங்கையால் முடியவில்லை. எட்டுப் படியையும் ஓடி இறங்கி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுவரைக்கும் உன் வீட்டுல எனக்கு ஒரு பாய் போடு."