கந்தப்பன் மலையேற்றிய படகு

"சீமையில ஒரு படகை மலை உச்சிக்கு ஏத்தினது நான்தான். இங்க வட்டவளைத் தோட்டத்துல குந்திக்கிட்டே ஏத்தினேன்" என்றார் கந்தப்பன் கங்காணி.

நூர்தீன் நானாவின் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் வீரய்யாவுக்குப் புரையேறியது. தேயிலைத் தோட்டத்து வேலையிலிருந்து ஓய்ந்த மூன்று வருஷத்தில் கங்காணி தன் கதைகளில் சுரைக்காய் பருமனில் அட்டை பிடித்திருக்கிறார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் சிறுத்தையை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டிருக்கிறார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்ட நூர்தீனுக்கு இது மட்டும் தாங்கவில்லை.

"தண்ணி கீழதான் ஓடும் கங்காணியாரே. வெளிய போய் ஓடையப் பாருங்க."

"அங்க கால்வாயில கதவு இருக்கு நானா. படகு உள்ள போனதும் பின்கதவச் சாத்தி, மேலேருந்து தண்ணிய விடுவாங்க. தொட்டி நெறைய நெறைய படகும் உசரும். பொறகு முன்கதவத் தொறந்து அடுத்த தொட்டி. நூறு கதவு!"

"நூறா?"

"நூத்தம்பதுன்னும் வச்சுக்கலாம்."

கதவின் எண்ணிக்கையை விட்டுவிட்டால் கால்வாயைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மைதான். அதுதான் கந்தப்பனுக்கு வந்த சங்கடம். உண்மை பேசி அவருக்குப் பழக்கமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு மாசியில், லீவில் சீமைக்குப் புறப்பட இருந்த தோட்டத்துத் துரை, பங்களா வராந்தாவில் கால்வாய் வரைபடத்தை விரித்து, துரைசானியோடு படகுப் பயணத்துக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தார். ரோசாச் செடி வெட்ட வந்திருந்த கந்தப்பன் எட்டிப் பார்த்து ஒவ்வொன்றாக விசாரித்தார். நாளுக்குப் பதினைந்து மைல் என்று துரை ஒரே அளவாக வெட்டி வைத்திருந்தார்.

"தொரைகளே, கதவெல்லாம் இந்த எடத்துல மொச்சுக்கிட்டுக் கெடக்கே, இது ஏத்தம். செங்குத்தான ஏழாம் நம்பர் மலைக்கும் மட்டமான மலைக்கும் ஒரே மாதிரி ஆள் போடுவீங்களா? இந்த ஏத்தத்துக்கு ஒரு முழு நாள் குடுங்க. பாதியில தேத்தண்ணி. இல்லேன்னா ஆள் ஏறாது, சண்டைதான் ஏறும்."

துரை சிரித்தார். பென்சிலை எடுத்தார். அதை வைத்து எழுதினாரா, காதைச் சொறிந்தாரா என்று பார்ப்பதற்குள் துரைசானி செடியைக் காட்டிக் கூப்பிட்டுவிட்டாள்.

நாற்பது வருஷம் கந்தப்பன் சொன்ன யோசனையெல்லாம் துரைமார் பேரில்தான் போயிருக்கிறது. இந்த ஒன்றாவது தன் பேரில் நிற்குமா? கடையில் சத்தம் போடும்போதெல்லாம் உள்ளுக்குள் அரித்தது அதுதான்.

அந்த வருஷம் ஆவணியில் கங்காணி பேருக்குச் சீமையிலிருந்து கடுதாசி வந்தது. இங்கிலீசு. கேட்டிருந்தால் ஆபீஸ் கிளாக்கர் படித்துச் சொல்லியிருப்பார். கந்தப்பன் பிரிக்காமலே கடைக்குக் கொண்டுவந்து நூர்தீனிடம் நீட்டினார். நம்பாத வாயால் வந்தால்தான் அது செய்தி.

நூர்தீன் கண்ணாடியை மாட்டி மனசுக்குள் படித்தார். ஒரு பக்கம். மறுபக்கம். அவர் என்ன சொன்னாலும் கடையில் மறுத்துப் பேச யாருக்கும் இங்கிலீசு தெரியாது. உறையிலிருந்து ஒரு போட்டோ விழுந்தது. சரிவில் படிப்படியாகக் கதவுகள், நடுவில் படகு, கதவுக் கட்டையை முதுகால் தள்ளும் துரைசானி.

"என்ன நானா, அங்க மழைன்னு மட்டும் எழுதியிருக்காரா?" என்றான் வீரய்யா.

கந்தப்பன் குனிந்து போட்டோவை எடுத்து நூர்தீனிடம் நீட்டினார்.

நூர்தீன் தொண்டையைச் செருமினார். "'கங்காணி சொன்னபடி ஏத்தத்துக்கு ஒரு முழு நாள் வச்சோம். பதினோராவது கதவுல தேத்தண்ணி குடிச்சோம். இல்லேன்னா என் மனைவி அங்கேயே எறங்கிப் போயிருப்பா'ன்னு தொரை எழுதியிருக்காரு."

கண்ணாடியைக் கழற்றி, போட்டோவை எல்லோரும் பார்க்கும்படி பிஸ்கட் போத்தலில் சாய்த்து வைத்தார்.

"கதவு நூறு இல்ல, இருபத்தொண்ணு. ஆனா படகு மலையேறித்தான் இருக்கு. ஏத்தினது நீங்கதான் கங்காணியாரே."