நாற்பத்தெட்டு வருஷம்

ஆட்டு விலாவை எலும்பெலும்பாகப் பிரித்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த ஷென்னேவுக்குத் தன் கைகள் வேறு யாருடைய கைகளோ போல இருந்தன. பக்கத்து அறையில் அண்ணன் ஓர்லான் பெட்டிக்குள் கிடந்தான். முந்தாநாள் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தவன், கோடரியைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொரு வயது.

வீட்டில் யாரும் அழவில்லை. அழுதால் கண்ணீர் ஆறாகப் பெருகி, போகிறவன் வழியை மறித்துவிடுமாம். ஷென்னேவுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. அழுகை வந்தால் அல்லவா அடக்குவதற்கு?

அம்மா இரண்டு நாளாக அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் உறுத்தியது. ஷென்னே தொண்டைப்பாட்டுக்காரி. அடித்தொண்டையில் ஒரு குரலை ஓடவிட்டு, அதற்கு மேலே சீட்டியடிப்பதுபோல் இன்னொரு குரலை எழுப்புகிறவள். பெண் அப்படிப் பாடினால் அவள் வீட்டு ஆண்களுக்கு ஆகாது என்பது இந்தத் தூவா மலைநாட்டில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஓர்லான் மட்டும் சிரிப்பான். "நீ பாடு. செத்தா நான்தானே சாகப்போறேன், உனக்கென்ன?" என்பான். அவன் உயிர் போன நேரத்தில் அவள் மேடையில் இருந்தாள். அம்மாவுக்கும் அது தெரியும்.

அம்மாவின் தம்பி தம்பா மாமா அடுப்படிக்கு வந்து உட்கார்ந்து ஓர் எலும்பை எடுத்துக் கடித்தார். அவர் வாய்க்கு எலும்பு மட்டும் போதாது.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இந்தப் பாட்டுன்னு தலதலயா அடிச்சுக்கிட்டேன். யாரு கேட்டா? இப்பப் பாரு, அண்ணனையே முழுங்கிட்டா."

"மாமா, சாப்பிடுங்க."

"சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். உங்கம்மா சொல்ல மாட்டேங்குறா, அதான் நான் சொல்றேன். அக்கா, நீயே சொல்லு. நான் சொன்னதுல என்ன தப்பு?"

அம்மா சாவு வீட்டுக்குப் புகை காட்டும் ஜூனிப்பர்த் தழையைக் கிள்ளி அடுப்பில் போட்டாள். புகை எழுந்தது. ஆமாம் என்று அம்மா சொல்லிவிட்டால் பாட்டை இன்றோடு விட்டுவிடுவது என்று ஷென்னே முடிவு செய்திருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"நம்ம செரென் அண்ணன ஆறு கொண்டுபோச்சே, ஞாபகமிருக்காடா?" என்றாள் அம்மா.

"இருக்கு. அதுக்கென்ன இப்ப?"

"அப்ப எனக்குப் பதினெட்டு வயசு. இவ பாடற பாட்டேதான் நானும் பாடுவேன். மாட்டுக் கொட்டகையில, கறக்கும்போது. அண்ணனுக்கு மட்டும் தெரியும்."

மாமா மெல்லுவதை நிறுத்தினார்.

"அவன் போன அன்னிக்கு மூடுன வாய்டா இது. உனக்கும் ஏதாவது ஆயிடுமோன்னு மூடினேன். அப்படியும் இவ அப்பன் போயிட்டாரு. இவ அப்பத் தவழ்ந்துக்கிட்டிருந்தா. அவர் சாகறதுக்கு யாருடா பாடினது? சொல்லேன்."

மாமா எலும்பைத் தட்டிலேயே வைத்தார்.

"அப்பவும் நான் வாயத் தொறக்கல. நீ இருக்கியே, ஓர்லான் இருக்கானேன்னு. நாப்பத்தெட்டு வருஷம்டா தம்பா."

ஷென்னேவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளால் அம்மாவின் கழுத்தைத்தான் பார்க்க முடிந்தது.

வாசலில் லாரி வந்து நின்றது. ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாமா யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பின்னால் ஏறிக்கொண்டார். வழக்கப்படி பெண்கள் வீட்டோடு நின்றுவிட்டார்கள். லாரிச் சத்தம் தேய்ந்ததும் அம்மா, "காலையிலேருந்து மாடு கறக்காம நிக்குது," என்று வாளியை எடுத்தாள். "வாடீ."

கொட்டகையில் அம்மா முக்காலியில் உட்கார்ந்து மாட்டின் மடியைத் துடைத்தாள். பிறகு ஒரு கையைத் தன் தொண்டையில் வைத்தாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள். உள்ளே ஏதோ உரசியது. அதற்குமேல் எதுவும் எழும்பவில்லை. இன்னொரு முறை முயன்றாள். இருமல் வந்தது.

"போயிடுச்சு," என்றாள்.

நெற்றியை மாட்டின் விலாவில் சாய்த்துக்கொண்டு கறக்கத் தொடங்கினாள். கன்று முட்டி முட்டி இழுத்தது. ஷென்னே அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.