பெட்டி மூடுமுன்

இரண்டு கட்டில்களையும் சேர்த்துக் கட்டியிருந்த நைலான் கயிறு அவிழ மாட்டேன் என்று அடம்பிடித்தது. பிரபாவதி குத்துக்காலிட்டு உட்கார்ந்து நகத்தால் நெம்பிப் பார்த்தாள். குனிந்து பல்லால்கூடக் கடித்துப் பார்த்தாள். எதிரே நின்றுகொண்டிருந்த இளவழகன் சமையலறைக்குப் போய்க் கத்தியை எடுத்துவந்து ஒரே இழுப்பில் அறுத்துக் கொடுத்தான்.

"அந்தப் பக்கம் புடி தம்பி. ஒண்ண முன்ரூமுக்குத் தள்ளிடலாம்."

அவன் பிடித்தான். கட்டில் தரையைக் கீறிக்கொண்டு போன சத்தம் எதிர் குவார்ட்டர்ஸ் வரைக்கும் கேட்டிருக்கும். மணி ஒன்பது. பதினொரு மணிக்கு உடலைக் கொண்டுவந்துவிடுவார்கள். அதற்கு முன்னால் சபைப் பெண்கள் ஜெபம் பண்ண வந்துவிடுவார்கள். வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டா ஜெபிப்பார்கள்? பாதிப் பேர் வீட்டைத்தான் பார்ப்பார்கள்.

அவளுடைய கூடப்பிறந்த தம்பி அறிவுச்செல்வன் நேற்று மத்தியானம் போய்ச் சேர்ந்துவிட்டான். நாற்பத்தாறு வயது. நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் முதல் ஷிப்ட் முடிந்து வந்து சோற்றில் கை வைத்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறான். ஆட்டோவுக்குக் காத்திருக்காமல் இளவழகன் அவனைப் பைக்கில் பின்னால் உட்காரவைத்து, தன் இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருக்கிறான். அங்கே, நீங்க என்ன உறவு என்று கேட்டார்கள். கூட இருக்கிறவன் என்றான். சொந்தக்காரங்க யாராவது இருந்தால் வரச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டார்கள். பிரபாவதி போய்க் கையெழுத்துப் போட்டாள்.

கூட இருக்கிறவன். ஒன்பது வருஷமாக இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் எல்லாரும் சமாளித்து வந்தார்கள். டவுன்ஷிப்பில் அது ஒன்றும் அதிசயமில்லை. கல்யாணம் ஆகாத ஆட்கள் ஒரே குவார்ட்டர்ஸில் தங்குவதும் ஒரே அடுப்பில் ஆக்கித் தின்பதும் நெய்வேலி பிறந்த நாளிலிருந்து நடக்கிற கதைதான். ஆனால் அதற்கும் ஒரு வயசு இருக்கிறது. நாற்பதைத் தாண்டினால் ஊர் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். நான்கு வருஷத்துக்கு முன் சபையில் யாரோ அந்தக் கணக்கைப் போட்டார்கள். அப்போதிருந்த ஆயர் அறிவுச்செல்வனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பாடகர் குழுவில் அவன் குரல் இல்லை. திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்க மற்றவர்கள் எழுந்து போகும்போது கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஆராதனைக்கு வராமல் இருந்ததில்லை.

பிரபாவதிக்குத் தம்பி மேல் கோபம் இல்லை. அது பாவமா இல்லையா என்று வேதத்தைப் புரட்டிப் பார்க்கிற தைரியமும் அவளுக்கு இருந்ததில்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் பயம்தான். மகள் இசைப்பிரியாவுக்கு வரன் பார்க்கும்போது எவளாவது வாயைத் திறந்துவிடுவாளோ என்கிற பயம்.

அந்தப் பயம்தான் நேற்று ராத்திரி அவளைப் பேசவைத்தது. சபைக் கமிட்டிச் செயலாளர் பன்னீர்செல்வம் அவள் வீட்டுக்கு வந்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலேயே பேசினார்.

"கல்லறைத் தோட்டத்துல உங்கப்பா பக்கத்துலயே எடம் இருக்குதும்மா. திருவிருந்து எடுக்காத ஆளுக்கு எப்பிடிங்க குடுக்கறதுன்னு ரெண்டு பேரு கேட்டாங்க. நான்தான் பேசி முடிச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணு. அந்தப் பையன் பெட்டி கிட்ட வந்து நின்னு அழுதுகினு கிடக்கக் கூடாது. ஆயர் ஊருக்குப் புதுசு. அவரு எதுக்க யாராவது எதையாவது கேட்டுட்டா, அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

"வர மாட்டான்ங்க" என்றாள் பிரபாவதி. யோசித்துச் சொன்னதில்லை. பயத்தில் தானாக வாயில் வந்துவிட்டது.

இப்போது அதை அவனிடம் சொல்லியாக வேண்டும். ராத்திரி முழுக்க எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து ஒரு வழியும் பிடிபடவில்லை. கொடியில் கிடந்த அவன் லுங்கியை மடித்தாள். குளியலறையில் இருந்த இரண்டு பிரஷ்களில் எது யாருடையது என்று தெரியாமல் இரண்டையும் எடுத்துப் பையில் போட்டாள். வாசல் நிலைக்கு மேல் மாட்டியிருந்த முருகன் படத்தை அண்ணாந்து பார்த்தாள். அவள் கேட்காமலே அவன் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினான்.

"நான் எத்தினி மணிக்குக்கா போவணும்?"

அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் அவனே கேள்வியாக்கிக் கேட்டுவிட்டான். பிரபாவதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"கமிட்டியில சொல்லிட்டாங்க தம்பி. அப்பா பக்கத்துல எடம் குடுக்கணும்னா..."

"தெரியும்க்கா. அவருக்கு அங்கதான் படுக்கணும்னு ஆச. எங்கிட்ட சொல்லிகினே இருப்பாரு."

"நீ எங்க போவ? உங்க ஊரு வளையமாதேவிக்கா?"

"அங்க எனக்கு யாருக்கா இருக்கறாங்க? கல்யாணம் வேணாம்னு சொன்ன அன்னிக்கே அண்ணன் வூட்ல சேக்க மாட்டேன்னுட்டாரு. பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்துகினு இருப்பேன். எல்லாம் முடிஞ்சி நீங்க போன் பண்ணுங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனவன் திரும்பி வந்தான்.

"அந்த நீலக் கோடு போட்ட சட்டையப் போடுங்கக்கா. புதுச் சட்ட வேணாம். காலர் கழுத்துல ஒரசினா அவருக்கு ஆவாது."

அப்போதுகூட அவன் அழவில்லை. அழுதிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உடல் வந்து இறங்கியது. நீலக் கோடு போட்ட சட்டையைத்தான் போட்டுவிட்டார்கள். பூமாலைகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் வந்தன. பிரபாவதி போட்ட கணக்கில் ஒன்றை விட்டுவிட்டாள். இளவழகன் வந்து நின்றிருந்தால் யாரும் அவனைப் பற்றி வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். வராததுதான் வினையாகிப் போனது.

முதலில் கேட்டவள் அவளுடைய அம்மா தனகோட்டிதான். எழுபத்தெட்டு வயது. காது மந்தம், அதனால் குரல் தெரு முனை வரைக்கும் போகும்.

"இளவழகன் எங்கடி? சாப்ட்டானா அவன்?"

"டூட்டிம்மா" என்றாள் பிரபாவதி காதோடு.

"டூட்டியா? அறிவு செத்துக் கெடக்கறான், இவன் இன்னாடி டூட்டிக்கிப் போறான்?"

வெளியே பந்தல் நிழலில் நின்றிருந்த பன்னீர்செல்வம் திரும்பிப் பார்த்தார். பிரபாவதி அம்மாவின் கையில் தண்ணீர் டம்ளரைத் திணித்தாள்.

அடுத்து எதிர் குவார்ட்டர்ஸ் ஆதிலட்சுமி. "அந்தத் தம்பி எங்கங்க? நேத்து அவருதான பைக்குல வெச்சிகினு ஓடினாரு. அந்த மொகத்தப் பாக்க முடியலங்க." அவளிடம், மருந்துக் கடைக்குப் போயிருக்கிறான் என்றாள். பிறகு அறிவுச்செல்வனோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கிற வெங்கடேஷ், "இளா எங்கக்கா? போன் எடுக்க மாட்டறான்" என்றான். அவனிடம், ஊருக்குப் போயிருக்கிறான் என்றாள். சொல்லி முடித்ததும் பக்கத்திலேயே ஆதிலட்சுமி நிற்பதைப் பார்த்து அவளுக்குக் குப்பென்று வேர்த்தது. ஒரே ஆளை ஒரே நேரத்தில் மூன்று இடத்துக்கு அனுப்பியாகிவிட்டது. இசைப்பிரியா ஒரு மூலையிலிருந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தவிர்ப்பதற்காகவே பிரபாவதி காபி போடப் போனாள்.

மூன்றரைக்கு ஆயர் வந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும். ஜூன் மாதம்தான் மாற்றலாகி வந்தவர். அடக்க ஆராதனை தொடங்கியது. ஒரு பாட்டுப் பாடி, ஜெபம் முடிந்ததும் பன்னீர்செல்வம் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார். பிரபாவதியே ராத்திரி உட்கார்ந்து எழுதியது. பிறந்த தேதி, ஞானஸ்நானம், ஐடிஐ படிப்பு, மைன்ஸில் நிரந்தரமான வருஷம்.

"...திருமணம் செய்துகொள்ளாமல், இறுதி நாள் வரை தனிமையாகவே வாழ்ந்து, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்."

எழுதும்போது உறைக்காத வார்த்தை அவர் குரலில் கேட்டபோது சுருக்கென்று தைத்தது. தனிமையா? போன வருஷம் டெங்கு வந்து பதினோரு நாள் படுத்திருந்தான். இவள் இரண்டு தடவை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனதோடு சரி. ஈரத்துணி போட்டதும், கஞ்சி ஊற்றியதும், வாந்தி அள்ளியதும் யார்? தம்பி சந்தோஷமாகத்தான் இருந்தான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே அவனைத் தனிக்கட்டையாக்கி நான்கு பேர் முன்னால் வாசிக்கக் கொடுத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. செத்தவனிடம் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.

ஆயர் கடைசி ஜெபத்தை முடித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"முகத்துணி போடுங்கம்மா. பெட்டிய மூடிடலாம்."

மடித்த வெள்ளைத் துணியை யாரோ அவள் கையில் கொடுத்தார்கள். பெட்டியை மூடுவதற்கு முன் முகத்தை மூடுவது வீட்டு ஆள் செய்ய வேண்டிய வேலை. மனைவி இருந்தால் மனைவி, கணவன் இருந்தால் கணவன். இரண்டும் இல்லாதவர்களுக்குத்தான் மற்றவர்கள். அப்பாவுக்கு அம்மாதான் போட்டாள். அதற்கப்புறம் அந்த முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

பிரபாவதி துணியை விரித்தாள். கை நெற்றி வரைக்கும் போய் நின்றுவிட்டது.

"ஐயா, கொஞ்சம் இருக்கணும்."

"என்னம்மா?"

"ஒரு ஆளு வரணும்."

பன்னீர்செல்வம் இரண்டு அடி முன்னால் வந்து, வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினார். பிரபாவதி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும்மா வரணும்?" என்றார் ஆயர்.

"அவன் வூட்டு ஆளு."

பந்தலில் விசிறிக்கொண்டிருந்த கைகள்கூட நின்றுவிட்டன. அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டு என்ற ஒரு வார்த்தைக்கு மேல் சொல்லவேண்டி இருக்கவில்லை. இசைப்பிரியா ஸ்கூட்டர் சாவியோடு வாசலைத் தாண்டிவிட்டாள்.

பன்னீர்செல்வம் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "நேத்து என்னம்மா பேசினோம்? ரெண்டு பேரு எப்படா சாக்கு கெடைக்கும்னு நிக்கறாங்க. குழி வெட்டிட்டாங்க. இப்ப போயி..."

"பேசினேங்க. தப்பாப் பேசிட்டேன். பஸ் ஸ்டாண்டுலதான் இருக்கான். பத்து நிமிஷம் பொறுங்க."

அவர் ஆயரைப் பார்த்தார். ஆயர் அவளைப் பார்த்தார், பெட்டியில் கிடந்தவனைப் பார்த்தார். அந்த இளவயது முகத்தில் என்ன ஓடியதோ அவளுக்குத் தெரியவில்லை. கையிலிருந்த ஆராதனைப் புத்தகத்துக்குள் விரலை விட்டு அப்படியே மூடினார். வெங்கடேஷ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். ஆயர் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்துவிட்டு உட்கார்ந்தார். பன்னீர்செல்வம் கேட்டுக்கு வெளியே போய் யாருக்கோ போன் போட்டார்.

பத்து நிமிஷம் பதினைந்தானது. தனகோட்டி, "இன்னாடி, ஏன் நிறுத்திட்டாங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். கல்லறைத் தோட்டத்திலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தம்பியை எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று பிரபாவதி யோசித்துப் பார்த்தாள். ஒரு இடமும் தோன்றவில்லை. உள்ளங்கை வேர்வையில் துணியின் ஓரம் நனைந்துவிட்டது.

ஸ்கூட்டர் வந்து நின்றது. இளவழகன் தோளில் பையோடு அப்படியே உள்ளே வந்தான். வழிவிட்டவர்களில் சிலர் அவன் மேல் பட்டுவிடாமல் ஒதுங்கினார்கள். ஆதிலட்சுமி மட்டும் அவன் தோளிலிருந்து பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பிரபாவதி துணியை அவனிடம் நீட்டினாள்.

"இன்னாக்கா பண்ணணும்?"

"மொகத்த மூடணும் தம்பி. நெத்தியிலேர்ந்து மெதுவா. அப்புறம் பெட்டிய மூடிருவாங்க."

அவன் இரண்டு கையாலும் துணியை வாங்கிக்கொண்டான். குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்று, அவளை அல்லாமல் ஆயரை நிமிர்ந்து பார்த்தான்.

"இப்பவேங்களா?"

"அவசரமில்ல" என்றார் ஆயர். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.