றபீக்காவின் பல்வலி

அஸர் தொழுகையோடு அடக்கம் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. றபீக்காவின் மையித்துதான் இன்னும் கல்முனை ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரவில்லை. பிணவறைக்கு முன்னால் கிடந்த வாங்கில் உட்காராமல், கலந்தர் மாமா அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"நெத்தியில காயம் இருக்காம். வெட்டிப் பாக்காமத் தர ஏலாதாம்," என்றார். "ஒரு நாளும் ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காத என்ட தங்கச்சிய வெட்டுறதாம்!"

றபீக்காவின் மகள் ஹுஸ்னியாவுக்கு, உம்மா மௌத்தாகிவிட்டாள் என்பது இன்னும் மனதில் இறங்கவேயில்லை. உம்மாவின் உடம்பில் கத்தி வைக்கப்போகிறார்கள் என்பதுதான் அப்போது தாங்க முடியாததாக இருந்தது.

றபீக்கா விழுந்தபோது பக்கத்தில் இருந்தது ஒரே ஓர் ஆள், நூர்கைதா. பர்மாவில் வீடு எரிந்து, படகில் நடுக்கடலில் கிடந்து, எங்கெங்கோ அலைந்து, புருஷனோடும் மூன்று பிள்ளைகளோடும் பள்ளிவாசலுக்குப் பின்னாலுள்ள சின்ன வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். றபீக்காவை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததும் அவள்தான். ஆனால் காக்கி உடுப்பைக் கண்டதும் கேற்றுக்கு வெளியே ஓடிப்போய் வேப்ப மரத்தடியில் நின்றுவிட்டாள்.

அவள் வந்த புதிதில் ஊரில் அவளோடு கதைக்கத் தெரிந்தது றபீக்காவுக்கு மட்டும்தான். குவைத்தில் வீட்டு வேலை செய்த காலத்தில், ஒரே குசினியில் சமைத்துக் கிடந்த வங்காளதேசத்துச் சிட்டகொங் பெண்ணிடம் பழகிய பாஷை. நூர்கைதாவின் பாஷையும் ஏறக்குறைய அதுதான். "போன புதுசில தண்ணி கேக்கவும் தெரியாம அழுதிருக்கன். அந்தப் புள்ளதான் எனக்கு வாய் தந்தவ," என்பாள் றபீக்கா.

ஆனால் அவள் உதவி செய்த விதம்தான் ஊருக்கே சிரிப்பு. நூர்கைதாவைக் கிளினிக்குக்கும் மீன்கடைக்கும் கூட்டிக்கொண்டு போவாள். போன இடத்தில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "எனக்குப் பல்வலி. நீயே கேளு," என்று ஒதுங்கி நிற்பாள். அந்தப் பெண் வேர்த்து விறுவிறுத்து, சூடை மீன் என்ன விலை என்று தானே கேட்கும்வரை பல்வலி தீராது. "ராத்தாக்கு இண்டைக்கும் பல்வலியா?" என்று மீன்காரன் றவூப் கேட்டால், கையை எடுக்காமலே கண்ணைச் சிமிட்டுவாள். நூர்கைதாவின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்றும் பல்வலிதான். முதலில் எரிந்து விழுந்த அதிபர், கடைசியில் தானே எழும்பிக் கதிரை எடுத்துப் போட்டாராம்.

"நீங்க கதைச்சிக் குடுத்தா ஒரு நிமிசத்தில முடியும்தானே உம்மா," என்று ஹுஸ்னியா கேட்டிருக்கிறாள்.

"நான் எத்தின நாளைக்குக் கூடப் போற?" என்றாள் றபீக்கா.

ஹுஸ்னியா இப்போது வேப்ப மரத்தடிக்குப் போனாள். "உள்ள வாங்க. விசாரிக்கிற சேர் உங்களத்தான் கேக்குறார்."

"என்னப் புடிப்பாங்க," என்றாள் நூர்கைதா. "காயம் இருக்கு. நான்தான் கிட்ட நிண்ட."

பிடிக்கமாட்டார்கள் என்று சொல்ல ஹுஸ்னியாவுக்கு ஆசைதான். பொய் சொல்ல வாய் வரவில்லை. "எனக்குத் தெரியா. நீங்க சொல்லாட்டி உம்மாவ வெட்டுவாங்க."

நூர்கைதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மரண விசாரணை அதிகாரி அருளம்பலம் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். பக்கத்தில் பொலிஸ்காரர் ஒருவர். கலந்தர் மாமா முந்திக்கொண்டார். "சேர், இவக்குத் தமிழ் ஓடாது. நான் சொல்லுறன்."

"நீங்க கண்டீங்களா?"

"இல்ல."

"அப்ப கண்டவ சொல்லட்டும். பேர் என்னம்மா?"

"நூர்கைதா."

"ஊர்?"

"அரக்கான்," என்றவள் சற்றுப் பொறுத்து, "இப்ப பள்ளிக்குப் பின்னால," என்றாள்.

சொற்கள் ஒவ்வொன்றாக, அசல் கல்முனை மீன்கடைத் தமிழில் வந்தன. "ராத்தா காலத்தால எங்கட ஊட்ட வந்த. நெஞ்சு நோவு எண்ட. ஆஸ்பத்திரி போவம் எண்டன். மாட்டன் எண்ட. படியில குந்தின. சரியா வேர்த்த. நான் தண்ணி எடுக்க உள்ள போய் வாற நேரம், முன்னுக்குச் சரிஞ்சி விழுற. நெத்தி படியில."

"மகளுக்கு ஏன் கோல் எடுக்கல்ல?"

"சொல்லாத எண்ட. மகளுக்கு இண்டைக்குப் புது வேல, முதல் நாள் எண்ட."

காலையில் புறப்பட்ட அவசரத்தில் ஹுஸ்னியா உம்மாவின் முகத்தைச் சரியாகப் பார்க்கவுமில்லை.

பொலிஸ்காரர் கேட்டார்: "நீங்க தள்ளல்லயே?"

ஹுஸ்னியா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"தள்ளல்ல," என்றாள் நூர்கைதா. "புடிக்கத்தான் ஏலாமப் போச்சி."

அருளம்பலம் எழுந்து வைத்தியரிடம் போனார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "இருதய வருத்தத்துக்கு இஞ்சதான் கிளினிக் வந்திருக்கிறா. இவ சொல்றதும் அதோட சரியாத்தான் இருக்கு. வெட்டத் தேவையில்ல. கொண்டுபோங்க."

கலந்தர் மாமா 'அல்ஹம்துலில்லாஹ்' என்று சொல்லித் தேம்பித் தேம்பி அழுதார். அழுது முடிந்ததும் வேன் கதவைத் தானே திறந்து, "ஏறுங்க மகள்," என்றார் நூர்கைதாவிடம்.

வீட்டுக்குப் பின்னால் சீலை கட்டி மறைத்த இடத்தில் பெண்கள் குளிப்பாட்டினார்கள். ஊரில் மையித்துக் குளிப்பாட்டும் முஸ்பிறா மாமி, நூர்கைதாவைக் கண்டு தயங்கினாள். "சொந்தக்காரர் நிண்டாப் போதும், புள்ள."

"கடைசித் தண்ணிய அவ வார்க்கட்டும் மாமி," என்று ஹுஸ்னியா, கற்பூரத் தண்ணீர் நிறைந்த கோப்பையை நூர்கைதாவின் கையில் கொடுத்தாள்.

நூர்கைதா குனிந்து, றபீக்காவின் காதருகே கதைக்கத் தொடங்கினாள். இவ்வளவு நேரமும் ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிக் கதைத்தவள், இப்போது தன் பாஷையில் மடமடவென்று கதைத்தாள். அங்கே நின்ற ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. கடைசியில் எதையோ கேட்பதுபோல் குரலை உயர்த்தி நிறுத்தினாள். பள்ளியிலிருந்து ஆள் வந்து வாசலில் அவசரப்படுத்தியும் முஸ்பிறா மாமி கையசைத்துப் பொறுக்கச் சொன்னாள்.

நூர்கைதா, பல்வலி என்று றபீக்கா பொத்திக்கொள்ளும் அந்தக் கன்னத்தை ஒரு தடவை தொட்டாள். பிறகு வலது தோளிலிருந்து மெதுவாகத் தண்ணீரை வார்த்தாள்.