கறுப்புத் திரைக்கு அனுமதி

பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல்களைப் பிரெயில் எழுத்தில் மாற்றித் தரும் சிறிய அச்சகம் ஒன்றை அவள் வீட்டு முன்னறையிலேயே நடத்திவந்தாள். ஒரு கணினி, தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தித் தள்ளும் ஓர் இயந்திரம், சுவரோரம் கனத்த தாள்கட்டுகள். கல்லூரி மாணவி ஒருத்திக்காக மாதக்கணக்கில் மல்லுக்கட்டி முடித்த இயற்பியல் புத்தகத்தை அன்று காலை அச்சுக்கு அனுப்ப உட்கார்ந்தாள். கோப்பு இருந்த இரண்டாவது டிஸ்க் திறக்கவில்லை. சிதைந்துவிட்டது, படிக்க முடியவில்லை என்று கணினி கையை விரித்தது.

பென்டிரைவில் இருந்தது முதல் பாதி மட்டும்தான். மறுபாதியில்தான் வரைபடங்கள். ஒவ்வொன்றையும் கண்ணை மூடி, விரலால் தடவித் தடவிச் சரிசெய்திருந்தாள். பரீட்சையோ தலைக்கு மேல் நின்றது.

கணினிக் கடைக்காரரிடம் போனில் புலம்பினாள். டிஸ்கைச் சரிபார்க்கும் கட்டளை ஒன்றைச் சொல்லி, அடித்துப் பார்க்கச் சொன்னார். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து அடித்தாள். நிர்வாகி அனுமதி இல்லாமல் முடியாது என்று முகத்திலடித்தாற்போல் பதில் வந்தது.

அந்த அனுமதிக்கான கடவுச்சொல் நாத்தனாரிடம் இருந்தது. பிள்ளைகள் கண்ட விளையாட்டையும் ஏற்றிவிடாமலிருக்க, கணினி வாங்கியபோது அவர் போட்டுக்கொடுத்த பூட்டு. ஆனால் உறவுக்காரர்கள் கூடியிருந்த இடத்தில், “எங்க வீட்டு விஷயத்துல நீங்க மூக்கை நுழைக்காதீங்க” என்று இவள் வெடித்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

“நான் வேணா அக்காகிட்ட கேக்கட்டுமா?” என்றான் கணவன்.

“வேணாம். பேசினது என் வாய். நானே பேசுறேன்.”

முதல் மணியிலேயே நாத்தனார் போனை எடுத்துவிட்டார்.

“அண்ணி, நான்தான்...”

“என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு? பிள்ளைங்க நல்லா இருக்காங்கல்ல?”

அவள் விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

“சரி, பதறாத. அந்தக் கறுப்புத் திரையை மூடு. மெனுல இருக்கிற அதோட பேர்மேல வலது க்ளிக் பண்ணு. நிர்வாகியா இயக்குன்னு வருதா? அதை அழுத்து. கடவுச்சொல் கேக்குதா?”

“கேக்குது.”

மறுமுனையில் சின்னத் தயக்கம். “இங்கிலீஷ் எழுத்துல, சேர்த்து அடி. நாத்தனார்சொல்லைத்தட்டாதே.”

அவள் கை அப்படியே நின்றது. பிறகு பீறிட்டுச் சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

“விளையாட்டுக்குப் போட்டதுடி! நீ தப்பா எடுத்துக்காத!”

“இல்ல அண்ணி. அன்னிக்கு நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க.”

“நானும் சும்மா இருந்திருக்கணும். விடு. முதல்ல கட்டளையை அடி. எந்த டிஸ்க்குன்னு ஒருதடவைக்கு ரெண்டுதடவை பாத்துட்டு அடி.”

பார்த்து அடித்தாள். இம்முறை திரை மறுக்கவில்லை. வரிகள் ஊர்ந்தன, நடுவே நின்றன. இவள் மூச்சும் கூடவே நின்றது. மறுபடி நகர்ந்தன. கடைசியில், பிழைகள் திருத்தப்பட்டன என்று வந்தது. டிஸ்கைத் திறந்தாள். அத்தியாயங்கள் அத்தனையும் வரிசை கலையாமல் இருந்தன. வரைபடங்களும்தான்.

“வந்துருச்சு அண்ணி! எல்லாம் இருக்கு!”

“அப்பாடா! இப்பவே வேற இடத்துல ஒரு காப்பி எடு. அந்த டிஸ்கை இனிமே நம்பாத. எடுத்து முடிக்கிறவரைக்கும் நான் போனை வைக்கமாட்டேன்.”

காப்பி ஆகி முடிந்தது. முதல் தாளை இயந்திரம் குத்தத் தொடங்கியது. சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை என்று நாத்தனார் கத்த, அவள் போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய், சாப்பிடாமல் விட்ட காலைச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு பேச உட்கார்ந்தாள்.