வெறும் வண்டியின் அளவு

என் மகன் சுயம்புலிங்கம் இன்ஜினியரிங் காலேஜிலிருந்து சித்திரை லீவுக்கு வந்தபோது, பெட்டியில் வேட்டி சட்டை இருந்தது, சவரக் கத்தி இருந்தது, புத்தகம் ஒன்றுகூட இல்லை. எங்கே என்று கேட்டால் ஒரு தாளை எடுத்து நீட்டினான். மேலே இரண்டு வரி இங்கிலீஷ், அடியில் கையெழுத்துப் போட ஒரு கோடு. நடுவில் முழுக்க வெள்ளை. இதுதான் லீவுப் படிப்பாம்.

அந்த இரண்டு வரியை நாலு தடவை படித்தேன். உன் ஊரில் ஜனங்களுக்கென்று கட்டி, ஜனங்கள் பயன்படுத்தாத ஒன்றைக் கண்டுபிடி. ஏன் பயன்படுத்தவில்லை என்று எழுது. அவ்வளவுதான். நானும் முப்பது வருஷம் ரோட்டு ஓவர்சீயராக இருந்து ரிட்டயர் ஆனவன். எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று கேட்டால் பதில் சொல்லிவிடுவேன். ஏன் என்று கேட்டால் எந்தப் புத்தகத்தைப் புரட்டுவது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

எல்லாம் புதிதாக வந்திருக்கிற ஒரு புரொபசரின் வேலை. அவர் நோட்ஸ் சொல்வதில்லையாம். பையன்களை பம்ப் ஷெட்டுக்குக் கூட்டிப்போய், இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, மாட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லிப் போய்விடுவாராம். போன வருஷம் பரீட்சையில் என் மகன் புத்தகத்தை ஒரு புள்ளி விடாமல் எழுதினான். அவர் அதைப் பெயிலாக்கி, 'இந்தப் புத்தகத்தை நான் முன்பே படித்திருக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்தத் தடவையும் தேறாவிட்டால் காலேஜில் இடம் கிடையாது. எங்கள் குடும்பத்தில் இன்ஜினியர் என்று ஒருவன் வரப்போகிறான் என்று சங்கரன்கோவில் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அது இப்போது இந்த வெள்ளைத் தாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எதைப் பத்தி எழுதப் போற?" என்று கேட்டேன்.

கொஞ்சம் தயங்கினான். "நம்ம ஓடைப் பாலத்தப் பத்திதான்ப்பா."

எனக்குச் சுருக்கென்றது. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் போகிற வண்டிப்பாதையில், ஊரை விட்டு ஒன்றரை மைலில் இருக்கிறது அந்தப் பாலம். நாற்பத்தாறாம் வருஷம் நான் கட்டியது. கட்டி முடித்த மூன்றாம் மாதம் மாற்றல் வந்துவிட்டது. ரிட்டயர் ஆகி ஊர் திரும்பிய இந்த ஒரு வருஷமாக, வாரம் தவறாமல் விடிந்ததும் சைக்கிளில் போய் அதைப் பார்த்துவிட்டு வருவேன். நான் பார்க்க எத்தனையோ வண்டிகள் அதன் மேல் போயிருக்கின்றன. யார் சொன்னது ஜனங்கள் பயன்படுத்தவில்லை என்று? அவனைத் திட்டினேன். அவன், சாயங்காலம் வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னான்.

போனேன். ஓடையில் அப்போது தண்ணீர் இல்லை, முழங்கால் புதைகிற மணல்தான். வாசுதேவநல்லூர் வயல் வைக்கோலை வாங்கி ஏற்றிக்கொண்டு மானாவாரிக் கிராமத்து வண்டிகள் திரும்பிக்கொண்டிருந்தன. பாலம் சிவனே என்று நிற்க, வண்டிகள் பக்கத்துச் சரிவில் இறங்கின. மணலில் சக்கரம் புதைய, மாடு நுரை தள்ள, நாலு ஆள் தோள் கொடுத்துத் தள்ள, அந்தக் கரையில் ஏறின. ஒரு வண்டி இல்லை, எட்டு வண்டி. எட்டும் அப்படித்தான்.

வண்டிக்காரன் மூக்காண்டியைக் கூப்பிட்டுக் கேட்டேன். எனக்கு அந்தக் காலத்திலிருந்தே தெரிந்தவன். பாலத்தில் சத்தம் வருகிறதென்று மாடு மிரளுகிறது என்றான். அடுத்து வந்த துரைப்பாண்டி, மேலநீலிதநல்லூர்ப் பக்கம் வெள்ளாமை செய்கிற சம்சாரி, மாட்டுக் குளம்புக்கு மணல்தான் நல்லது என்றார். பின்னால் வந்தவர், பாலத்தடியில் ஏதோ இருக்கிறதாமே என்று இழுத்தார். கடைசியாக வந்தவர், எங்கள் தாத்தன் காலத்திலிருந்து இதுதான் பாதை என்று முடித்துவிட்டார். எல்லாரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, 'பாலத்துக்கு என்னய்யா, கோட்டை மாதிரில்லா இருக்கு' என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார்கள். எனக்கு யாரை நம்புவதென்று தெரியவில்லை. எழுதிக்கொள்ளடா, நாலு காரணம் கிடைத்துவிட்டதே என்றேன் மகனிடம். அவன் எழுதவில்லை.

மறுநாளிலிருந்து அவன் ஓடைக்கரை உடைமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான். விடிந்து போனால் இருட்டும்போதுதான் வருவான். வண்டியை எண்ணுகிறானாம். இன்ஜினியருக்குப் படிக்கிற பிள்ளை செய்கிற வேலையா இது? என் மனைவி காந்திமதியம்மாள் தினமும் தூக்குவாளியில் சோறு கொடுத்துவிட்டாள். தெருவில் நாலு பேர், பிள்ளைக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று அவளிடம் விசாரித்திருக்கிறார்கள்.

நாலாம் நாள் அவன் எண்ணிய கணக்கைக் காட்டினான். பார்த்ததும் இருந்த குழப்பம் இரட்டிப்பானது. காலையில் பாலத்தில் போன வண்டியேதான் சாயங்காலம் ஓடையில் இறங்குகிறது. அதே மாடு. காலையில் மிரளாத மாடு சாயங்காலம் மட்டும் ஏன் மிரளும்? அடியில் இருக்கிறது எதுவோ, அதற்கும் நேரம் காலம் உண்டா? பாரம் காரணமாக இருக்கும், பாலம் தாங்காதென்று பயப்படுகிறார்கள் என்றேன். அவன் இன்னொரு வரியைக் காட்டினான். கருங்கல் ஏற்றிய வண்டிகள் எல்லாம் பாலத்தின் மேல்தான் போயிருந்தன. கல்லைத் தாங்குகிற பாலம் வைக்கோலைத் தாங்காதா? நான் பழைய நோட்டை எடுத்து, கல், சுண்ணாம்பு, வளைவு என்று எல்லாக் கணக்கையும் மறுபடி போட்டேன். எல்லாம் சரியாகவே வந்தது. சரியாக வர வர எனக்கு எரிச்சல்தான் கூடியது.

"உனக்கு என்னதாம்லே தோணுது?" என்று கேட்டேன்.

"தெரியலப்பா. கேட்டாச் சொல்ல மாட்டேங்காங்க. நானே ஓட்டிப் பாக்கேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானம் காந்திமதியம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, ஓவர்சீயர் மகன் வைக்கோல் வண்டி ஓட்டிக்கொண்டு கீழ ரதவீதியில் போகிறானாம் என்றாள். மானம் கப்பலேறிய மாதிரிதான். சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி பாலத்தின் நடுவில் நின்றது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. வண்டிக்கு இருபுறமும் புடைத்துத் தொங்கிய வைக்கோல், பாலத்தின் இரண்டு கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் இறுகிப் போயிருந்தது. மாடு இழுத்தால் பாரம் பின்னால் சரிந்தது. என் மகன் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் வைக்கோல் தூசியோடு, என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டான். வண்டி மூக்காண்டியுடையது. அவன் பாலத்துக்குக் கீழே நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

என் பாலத்தின் அகலம் ஏழடி. வண்டியின் அச்சைக் கோத்த இந்தச் சக்கரக் குடத்திலிருந்து அந்தச் சக்கரக் குடம் வரை ஐந்தரை அடி. பக்கத்துக்கு ஒன்பது அங்குலம் விட்டிருந்தேன். அந்தக் கணக்கு இப்போதும் சரிதான். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"ஏலே மூக்காண்டி, நான் வண்டிய அளந்துட்டுதானலே கட்டுனேன்?"

"ஆமாய்யா. ஆபீஸ் வாசல்ல என் வண்டியத்தான் அளந்திய. டேப்போட அந்தத் தலைப்ப நான்தான் பிடிச்சிருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினான். "வெறும் வண்டி."

"அப்பமே சொல்லுததுக்கு என்ன?"

"நீங்க கேக்கலயேய்யா."

ஏழு வருஷம். ஏழு வருஷமாக இந்த ஜனங்கள் ஒவ்வொரு அறுப்புக்கும் மணலில் இறங்கி மாட்டை அடித்து ஏறியிருக்கிறார்கள். ஒருவர்கூட ஓவர்சீயர் செய்தது தப்பு என்று வாய் திறக்கவில்லை. மாட்டின் மேல் பழி போட்டார்கள், பேயின் மேல் போட்டார்கள், தாத்தன் மேல் போட்டார்கள். நானோ விடிந்ததும் வந்து வெறும் வண்டிகள் போவதைப் பார்த்துப் பூரித்துவிட்டுப் போயிருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். வைக்கோலை அவிழ்த்துக் கீழே தள்ளித்தான் வண்டியை எடுத்தார்கள். நான் நின்று பார்த்தேன். ஒரு கை கொடுக்கக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு வெட்கமாக இருந்தது.

மறுநாள் சாயங்கால ரயிலுக்கு அவன் கிளம்ப வேண்டும். காலையில் அவன் குளிக்கப் போனபோது மேஜையில் அந்தத் தாள் இருந்தது. எழுதி முடித்திருந்தான். எடுத்துப் படித்தேன். வண்டிக்காரர்களுக்குப் பழைய வழியே பழகிவிட்டது, நாளடைவில் பாலத்துக்கு வந்துவிடுவார்கள், பாலத்தின் வேலையில் குறை ஏதும் இல்லை.

எனக்கு மறுபடியும் குழம்பியது. நேற்று இவன்தானே வண்டியோடு மாட்டிக்கொண்டு நின்றான்? இதை எழுதினால் அந்தப் புரொபசர் பெயிலாக்குவார் என்று இவனுக்குத் தெரியாதா? அப்புறம்தான் தாளின் அடியில் இருந்த கோட்டைச் சரியாகப் பார்த்தேன். அது மாணவன் கையெழுத்துப் போடுகிற இடம் இல்லை. 'இதைக் கட்டியவர்' என்று போட்டிருந்தது. குறையை எழுதினால் என்னிடமே கையெழுத்துக்கு நீட்ட வேண்டுமே என்று, படிப்பே போனாலும் போகட்டும் என்று எழுதியிருக்கிறான். எனக்குக் கோபம்தான் வந்தது. அவனும் அந்த நாலு வண்டிக்காரர்களைப் போலத்தானே என்னிடம் நடந்துகொண்டிருக்கிறான்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பரணிலிருந்து பழைய டேப்பை எடுத்துக்கொண்டு வைக்கோல் பேட்டைக்குப் போனேன். மூக்காண்டி பாரம் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். டேப்பின் ஒரு தலைப்பை அவனிடம் கொடுத்தேன். எதற்கு என்று கேட்காமல் வாங்கிப் பிடித்தான். ஒன்பதடி பத்தங்குலம் காட்டியது.

முப்பது வருஷ வேலையில் டேப்பை உடனே சுருட்டித்தான் எனக்குப் பழக்கம். அன்றைக்குச் சுருட்டவில்லை.

"இது போதுமா, வே?"

அவன் திகைத்துப் போய் என்னைப் பார்த்தான். வைக்கோலைப் பார்த்தான், திரும்ப என்னைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "போதாதுய்யா. காத்தடிச்சா பாரம் ஒரு பக்கமாச் சாயும். ரெண்டு பக்கமும் ஒரு முழம் விடணும்" என்றான். அங்கேயே வண்டியில் தாளை வைத்து அதைக் குறித்துக்கொண்டேன். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, மகன் எழுதியிருந்ததைக் குறுக்கே அடித்தேன். அவன் பதறிப்போய், "அப்பா, அதப் புரொபசர் கிளாஸ்ல எல்லாரு முன்னாடியும் வாசிப்பாரு" என்றான். வாசிக்கட்டும் என்றேன். இங்கிலீஷில் எழுதினால் தப்புக்கூடக் கொஞ்சம் கௌரவமாகத் தெரியும். அதனால் தமிழில் எழுதினேன்.

'பாலத்தின் அகலம் ஏழு அடி. வைக்கோல் வண்டிக்கு, காற்றையும் சேர்த்து, பதின்மூன்று அடி வேண்டும். நான் வெறும் வண்டியை அளந்தேன். டேப்பின் அந்தப் பக்கத்தைப் பிடித்திருந்தவரைக் கேட்கவில்லை.'

அதன் கீழே, கோட்டின் மேல், குற்றாலிங்கம் என்று கையெழுத்துப் போட்டேன்.