தித்தி கெராவாங் ஏற்றம்

கார் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே திணறியது. கிளட்சை மிதிப்பதும் விடுவதுமாக, முன்னால் சைக்கிளில் போகும் மனைவியின் முதுகைப் பார்த்தபடியே குணாளன் ஓட்டிக்கொண்டிருந்தார். மோகனாவின் மஞ்சள் சட்டை தோளிலிருந்து இடுப்புவரை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண்ணாடியில் பார்த்தார். பின்னால் ஆறேழு வண்டிகள் சேர்ந்துவிட்டன.

பள்ளி விடுமுறைக் காலம். பாலிக் பூலாவிலிருந்து தெலுக் பஹாங் போகிற மலைச்சாலையில் ஒரு பக்கம் செம்மண் சுவர், மறு பக்கம் ஜாதிக்காய்த் தோட்டங்கள் சரிந்து இறங்கும் பள்ளம். முந்திப் போக இடம் கொடுக்காத வளைவுகள்.

ஜோகூரில் வேலை பார்க்கும் மகள் பிரமிளா, புருஷனோடும் ஐந்து வயது அதிராவோடும் வந்திருந்தாள். ஜார்ஜ் டவுன் அடுக்குமாடி வீட்டில் ஐந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டு கிடப்பானேன் என்று, தீவின் அந்தப் பக்கம் வயலோரமாக ஒரு வீட்டை மூன்று நாளைக்கு எடுத்திருந்தார்கள். பினாங்கில் இருந்துகொண்டே பினாங்குக்கு விடுமுறை போவது குணாளனுக்குச் சிரிப்பாக இருந்தது. மோகனாவுக்கு அப்படி இல்லை. முப்பத்தோரு வருடம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில், உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு மேல் குனிந்து, அரிசியில் பாதி அளவுள்ள சில்லுகளில் கீறல் தேடியவள். வேலையை விட்ட மாதமே கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினாள். தினமும் விடியலில் கர்னி டிரைவ் கடலோரம் போய்விட்டு, முகம் சிவக்கத் திரும்பி வருவாள். வந்ததும் எத்தனை மைல் என்று சொல்வாள். அவர் நாளிதழிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்பார்.

அன்று காலை பசியாறும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"நேத்து வயக்காட்டுல ஓட்டுனதெல்லாம் ஒரு ஓட்டமா? அந்த மலைய ஒரு தடவ ஏறிப் பாக்கணுங்க."

"அம்பத்தெட்டு வயசுல என்னா மலை? காடியில போவம்லா."

"நீங்க காடியில வாங்க, யாரு வேணாம்னா? ஏத்தத்துல கியர எறக்கணும்னு லோரி ஓட்டுனவருக்கு நான் சொல்லித் தரணுமா?"

பிரமிளா சிரித்தாள். "விடுங்கப்பா, ஏறட்டும். நீங்க அம்மா பின்னாலயே போங்க. அதிரா எழுந்ததும் நாங்க மேல வந்துர்றோம்."

அப்படித்தான் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

பின்வண்டி ஒன்று நீளமாக ஹாரன் அடித்தது. அடுத்ததும் அடித்தது. பிறை தொழிற்பேட்டையில் முப்பது வருடம் லோரி ஓட்டிய குணாளனுக்கு, சாலையை அடைத்துக்கொண்டு போவது வேட்டி அவிழ்ந்து நிற்பது மாதிரி. காதெல்லாம் சூடேறியது. தன்னையறியாமல் அவரும் ஹாரனைத் தட்டினார், இரண்டு தடவை.

மோகனா திரும்பவில்லை. இடது கையைப் பிடியிலிருந்து எடுத்து ஆட்டினாள். போங்க என்றாளா, இருங்க என்றாளா? போங்க என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். சாலை கொஞ்சம் அகன்ற இடத்தில் வண்டியை அவளுக்குப் பக்கவாட்டில் கொண்டுவந்தார். ஏர்கோனுக்காகக் கண்ணாடி மூடியிருந்தது. அவள் முகத்தைத் திருப்பி ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது, வார்த்தை கேட்கவில்லை. கேட்ட மாதிரி தலையை ஆட்டிவிட்டு, அழுத்திப் போய்விட்டார்.

உச்சியில் தித்தி கெராவாங் அருவிக்குப் பக்கத்துப் பழக்கடையில் இரண்டு ஜாதிக்காய்த் தண்ணீர் சொன்னார். தன்னுடையதைக் குடித்து முடித்தார். அவளுடையதில் ஐஸ் கரைந்து மேலே தெளிந்து நின்றது. அரை மணி ஆயிற்று. மோகனா வண்டியில் விட்டுப்போயிருந்த கைபேசி மேசைமேல் அடித்தது. பிரமிளா.

"அம்மா எங்கப்பா?"

"வந்துக்கிட்டு இருக்கா."

இன்னும் கால் மணி உட்கார்ந்திருந்தார். பிறகுதான் வண்டியைத் திருப்பினார்.

கீழே மூன்றாவது வளைவில், ஒரு மலாய்க்காரர் வீட்டு வேலியில் சைக்கிள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. விழுந்து கிடக்கவில்லையே என்று முதலில் ஒரு நிம்மதி வந்தது. வண்டியை நிறுத்தி இறங்கும்போதுதான் கொட்டகைக்கு அடியில், உலரப் போட்டிருந்த ஜாதிக்காய்த் தட்டுகளுக்கு நடுவே, பாயில் கிடந்த மஞ்சள் சட்டையைப் பார்த்தார். முக்காடு போட்ட நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி மோகனாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கைபேசியில் ஆம்புலன்சுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். மோகனாவின் காலணிகளை யாரோ கழற்றி, ஜோடியாகச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

குணாளன் மண்டியிட்டு அவள் பாதத்தைத் தொட்டார். சூடு இருந்தது. அதை நம்பிக்கொண்டே ஆம்புலன்ஸ் வரும்வரை பிடித்திருந்தார்.

மருத்துவமனையில் இளம் டாக்டர் நெஞ்சைத் தொட்டுக் காட்டி மலாயில் மெதுவாகச் சொன்னார். வந்து சேரும் முன்பே முடிந்துவிட்டது. பிரமிளாவும் மருமகனும் அதற்குள் ஓடி வந்திருந்தார்கள். அறிக்கை எழுத வந்த போலீஸ்காரர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"சம்பவத்தின்போது கூட இருந்தது யார்?"

"நான் இருந்தேன்," என்றார் குணாளன்.

பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. நாக்கு சொல்லிவிட்டது. பக்கத்தில் நின்ற பிரமிளா அவர் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதாள். "நீங்களாச்சும் கூட இருந்தீங்களேப்பா."

மறுநாள் காலை அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கூடாரம் போட்டு மோகனாவைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். பச்சைப் பட்டு, தலை நிறைய மல்லிகை. தொழிற்சாலைத் தோழிகள், சைக்கிள் ஓட்டும் பெண்கள், மாடிக்கு மாடி அக்கம்பக்கத்தார் என்று கூட்டம் வந்துகொண்டேயிருந்தது. வந்த ஒவ்வொருவருக்கும் குணாளனின் அக்கா குணவதி அதே கதையைச் சொன்னாள்.

"தம்பி மடியிலதான் உசுரு போச்சு. அவன் கையால ரெண்டு வாய் தண்ணி குடிச்சிருக்கா. பூவும் பொட்டுமா போயிட்டா. குடுத்து வச்சவ."

முந்தின இரவு அந்தக் கதையில் தண்ணீர் இல்லை. காலையில் சேர்ந்திருந்தது. வந்தவர்கள் குணாளனின் தோளைத் தொட்டார்கள், கையை அழுத்தினார்கள். ஒவ்வொரு கை பட்டபோதும் அவர் முதுகு கூனியது. துக்கத்தில் கூனுகிறார் என்று நினைத்தார்கள்.

பதினோரு மணி வாக்கில் ஒரு சின்ன லோரி வந்து நின்றது. நேற்றைய அந்தப் பெண்ணும் புருஷனும் இறங்கினார்கள். பின்தட்டில் மோகனாவின் சைக்கிள் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தது. சக்கரத்தில் ஒட்டியிருந்த செம்மண்கூடக் கழுவப்பட்டிருந்தது. சைக்கிளைப் பார்த்ததும் தோழிகளில் ஒருத்தி வாய்விட்டு அழுதாள்.

குணாளன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். எழுந்து குறுக்கே போகலாமா என்று நினைத்தார். அதற்குள் பிரமிளா போய் அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். லைலா என்று தன் பெயரைச் சொன்னாள் அவள்.

"எங்க அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?" பிரமிளா மலாயில் கேட்டாள்.

"இல்லை மகளே," என்றாள் லைலா. "சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, கொஞ்சம் உட்காரட்டுமா என்று கேட்டார். மூச்சுதான் வாங்குகிறது, வேறொன்றும் இல்லை என்றார். வெந்நீர் கொடுத்தேன். காய்கிற ஜாதிக்காயில் ஒன்றை எடுத்து மோந்து பார்த்து, எத்தனை நாள் வெயில் வேண்டும் என்று கேட்டார். இன்னும் எத்தனை வளைவு என்று கேட்டார். மூன்றுதான் என்றேன். சிரித்தார். அவ்வளவு தூரம் ஏறிவிட்டேனா என்றார். பிறகு என் பக்கமாகச் சாய்ந்தார்."

பிரமிளாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அப்பா எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாங்க?"

லைலா குணாளனைப் பார்த்தாள். ஒரு கணம்தான். "அப்பாவும் வந்துவிட்டார்," என்றாள்.

பொய்யும் இல்லாத, உண்மையும் இல்லாத வார்த்தை. முன்பின் தெரியாத ஒருத்தி அவருக்காகத் தேடி எடுத்துக் கொடுத்தது. அதோடு விட்டிருக்கலாம். பிரமிளா தலையாட்டிவிட்டுத் திரும்பத் தொடங்கியிருந்தாள்.

"பிரமி," என்றார் குணாளன். "நான் அங்க இல்லம்மா."

அவள் நின்றாள்.

"பின்னால காடிக்காரனுங்க ஹாரன் அடிச்சானுங்க. நானும் அடிச்சேன், ஒங்கம்மாவுக்கு. அவ கைய ஆட்டுனா. தாண்டிப் போகையில என்னமோ சொன்னா. கண்ணாடிய எறக்கிக் கேக்கல. மேல போய்க் கடையில ஒக்காந்திருந்தேன், முக்கா மணி நேரம். நீ போன் அடிச்சப்ப வந்துக்கிட்டு இருக்கான்னு சொன்னேன்ல... எனக்குத் தெரியாதும்மா. நான் பாக்கவேயில்ல."

"டேய், இப்ப எதுக்குடா இதெல்லாம்?" குணவதி அவர் தோளை உலுக்கினாள்.

பிரமிளா தன் அப்பாவைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இருந்ததா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு லைலாவின் பக்கம் திரும்பி, "வாங்க காக், அம்மாவைப் பாருங்க," என்று மலாய் வழக்கப்படி அக்கா முறை சொல்லிப் பெட்டியருகே அழைத்துப்போனாள். லைலா கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

பிற்பகலில் பத்து லஞ்சாங் வட்டாரத்து மின்சுடலையில் எல்லாம் முடிந்தது. சொன்னதையெல்லாம் குணாளன் செய்தார். குடம் தூக்கினார், வாய்க்கரிசி போட்டார், பொத்தானை அழுத்தச் சொன்னபோது அழுத்தினார். வீட்டுக்கு வந்து குளித்து, கட்டிலின் தன் பக்கத்தில் படுத்தார். பிரமிளா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "அப்பா பிரஷர் மாத்திரை போட்டாங்களான்னு கேளுங்க." மருமகன் வந்து கேட்டார். "பசியாறலன்னா ரொட்டியாச்சும் குடுங்க." மருமகன் ரொட்டியோடு வந்தார். அதிரா கதவோரம் நின்று, "பாட்டி சைக்கிள எங்க வைக்கிறது தாத்தா?" என்று கேட்டது.

அடுத்த நாள் அஸ்தி கரைக்கப் போனார்கள். மீனவர் துறையில் ஒரு படகைப் பேசியிருந்தார் மருமகன். ஐயர் ஏறினார். குணாளன் சிவப்புத் துணி கட்டிய மண்கலயத்தை மார்போடு அணைத்தபடி ஏறி முன்பலகையில் உட்கார்ந்தார். மருமகன் கால் வைக்கப் போனபோது பிரமிளா அவரை விலக்கினாள். செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டாள்.

"பொம்பளப் புள்ள நீ எதுக்குமா? மாப்பிள்ள போகட்டும்," என்றாள் குணவதி.

"நான் போறேன் அத்த."

ஏறி அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். படகு கரையை விட்டு வெகுதூரம் வந்ததும் படகோட்டி எஞ்சினை அணைத்தான். காற்று இருந்தது. மீன்பிடிப் படகொன்று எங்கோ கடந்துபோன அலை வந்து பக்கவாட்டில் மோத, படகு சாய்ந்து நிமிர்ந்தது. ஐயர் மந்திரத்தைச் சீக்கிரமாக முடித்தார்.

"வீசாதீங்க. குனிஞ்சு, தண்ணியில எறக்கி விடுங்க."

குணாளன் விளிம்பில் முழங்கால் ஊன்றிக் குனிந்தார். தண்ணீருக்குக் கை எட்டவில்லை. இன்னும் குனிந்தார். படகு மறுபடி சாய்ந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை அவர் சட்டையை முதுகோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்தது. கழுத்துப் பட்டி தொண்டையை அழுத்தும் அளவுக்கு இறுக்கமான பிடி.

கலயத்துக்குள் கடல் புகுந்தது. கனத்தது. விரல்களை விட்டார். கொஞ்ச தூரம்வரை சிவப்பு தெரிந்தது, பிறகு தெரியவில்லை. பூக்கள் மட்டும் மேலே தங்கி, அலைக்கு ஏற்றாற்போல் பிரிந்து போயின.

அவர் நிமிர்ந்து பலகையில் உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியது. படகு கரைப்பக்கம் திரும்பியது. ஐயர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெயிலைப் பற்றி ஏதோ சொன்னார். குணாளன் திரும்பிப் பார்க்கவில்லை. அசையக்கூட இல்லை. துறை நெருங்கி, படகோட்டி கயிற்றை எடுக்க எழுந்தபோதும் சட்டை முதுகில் இறுகியே இருந்தது.